கருவாட்டுக் கடைக்கு வந்தவர்

போன தை மாசம் யட்டியாந்தோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் நாம் ஏழெட்டுப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கும். எல்லாரும் அந்த ரப்பர்த் தோட்டத்து மேல் லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். ஒருத்தி வவுனியாவிலிருந்து வந்திருந்தாள், ஒருத்தர் திருச்சியிலிருந்து. எல்லாருக்கும் பேரப்பிள்ளை, எல்லாருக்கும் முழங்கால் வலி. வவுனியாக்காரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஒங்கப்பாரு கடைசி வரைக்கும் வரவே இல்லையா? அந்தச் சிங்களப் பொம்பளையோடவே இருந்துட்டாரா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நாற்பது வருசமாக அவளுக்குத் தெரிந்த கதை அதுதான். நான் கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, போயிருக்கக் கூடாது என்று பட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லாருக்குமாக இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் அப்பாவை நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோம். சிங்களத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல். "இவளுக்கு அப்பனே தாத்தாடா" என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அழுகை வரும். தம்பிக்கு வராது. அவனுக்கு அப்போது ஆறு வயது. யார் சிரித்தாலும் அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்கு ஒன்பது.

தாத்தா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரோலர் மெசினில் நின்றவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். அம்மா பால் வெட்டுகிறவள். காலையில் மரத்தைச் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பதினொரு மணிக்கு ஸ்டோருக்குச் சுமந்துகொண்டு போவாள். அங்கேதான் பழக்கம். அவர் முதலில் படித்த தமிழ் கெட்ட வார்த்தைகள் என்று அம்மா சொல்வாள். இரண்டாவதாகப் படித்தது "இந்தா புள்ள" என்பது. நம் லயத்து ஆண்கள் பெண்சாதியைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. கடைசி வரைக்கும் அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர்கள் எந்தக் கோயிலிலும் தாலி கட்டிக்கொள்ளவில்லை, எந்த ஒப்பீசிலும் கையெழுத்து வைக்கவில்லை. தோட்டத்துத் தொரையிடம் போய் நின்றார்கள். தொரை லயத்தின் கடைசிக் காம்பராவைக் கொடுத்தார், அவ்வளவுதான். காம்பராவில் ஒரே பலகை. அதில் ஒரு பக்கம் புத்தர் படம், ஒரு பக்கம் முருகன் படம், நடுவில் ஒரு விளக்கு. எண்ணெய் ஒன்றுதானே ஆகிறது என்று அம்மா சொல்வாள்.

அந்தப் பக்கத்து ஊரிலிருந்து யாரும் வந்ததில்லை. இந்தப் பக்கம் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அதே லயத்தில் நான்கு காம்பரா தள்ளி இருந்தார். பத்து வருசம் எங்களோடு பேச்சில்லை. எங்கள் வாசலைத் தாண்டித்தான் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும். மழையோ வெயிலோ, எங்கள் வாசல் வரும்போது குடையை விரித்து எங்கள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவார். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, குனிந்து குடைக்குக் கீழே அவர் முகத்தைப் பார்க்கப் போவேன். ஒரு தடவையாவது சிரித்திருக்கலாம் அந்த மனுசன்.

ரப்பர்க் கொட்டை வெடிக்கிற மாசம் அது. நல்ல வெயிலில் மரத்துக்கு மேலே படார் படார் என்று காய் வெடித்து, கொட்டைகள் தகரக் கூரையில் வந்து விழும். நாம் மடி நிறையப் பொறுக்கி, சிமெந்தில் தேய்த்துச் சூடேற்றி ஒருவர் தொடையில் ஒருவர் வைப்போமே. அந்த வருசம் அந்தச் சத்தத்துக்குப் பெரியவர்கள் திடுக்கிட்டார்கள். கொழும்பில் தமிழ்க் கடைகளை எரிக்கிறார்களாம், ரத்தினபுரிப் பக்கம் லயங்களுக்கு நெருப்பு வைக்கிறார்களாம் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு செய்தி வந்தது. மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்தினார்கள்.

ஒரு நாள் காலையில் தாத்தாவின் அண்ணன் சைக்கிளில் வந்தார். எங்களுக்குப் பெரியப்பா. நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல். தாத்தாவின் முகமே, ஆனால் கொஞ்சம் வயதாக்கி, மீசை வைத்தது. உள்ளே வா என்று தாத்தா கூப்பிட்டார். வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே வாசலில் நின்று சிங்களத்தில் பேசினார்.

"நம்ம ஊர்ப் பொடியன்களும் இதுல இருக்கான்கள். எப்ப வருவான்களோ எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையைத் தா, நான் கூட்டிக்கொண்டு போறேன். என் மனுசியோட தங்கச்சி பிள்ளைன்னு ஊருக்குச் சொல்லிக்கிறேன்."

"ரெண்டையும் கூட்டிட்டுப் போ," என்றார் தாத்தா.

"ஒண்ணுன்னா நம்புவாங்க. ரெண்டுன்னா கேள்வி கேப்பாங்க."

தாத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று என் ஞாபகம் சொல்கிறது. உண்மையில் ஒரு நிமிசம்கூட இருந்திருக்காது.

"சின்னவன் போகட்டும்," என்றாள்.

"ரெண்டு கிழமைதான் புள்ள," என்று தாத்தா தமிழில் சொன்னார். "ரெண்டு கிழமையில எல்லாம் சரி வரும். நான் போய்க் கூட்டி வாறது."

தம்பிக்குச் சைக்கிளில் ஏறியதே பெருமை. முன் பாரில் உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டே போனான். எனக்கு வயிறு எரிந்தது. அவனைத்தான் இவர்களுக்குப் பிடிக்கும், அதனால்தான் அவனை ஒளித்துவைக்கிறார்கள், நான் செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நான் பிள்ளை பெற்ற பிறகு ஒரு தடவை அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஆம்பளப் புள்ளையத்தான்டி மொதல்ல வெட்டுவாங்கன்னு சொன்னாங்க," என்றாள். பிறகு, "நீ எங்கூட இருந்தா என்னால ஒன்னத் தூக்கிட்டு ஓட முடியாது, நீயே ஓடுவ. அவன் ஓட மாட்டான்," என்றாள்.

நான்காம் நாள் பகலில் லொறியில் வந்தார்கள். அம்மாவும் நானும் மற்றவர்களோடு மலைக்கு மேலே காட்டு மரங்களுக்குள் ஏறிவிட்டோம். தாத்தா மட்டும் லயத்து முதல் படியில் நின்றார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. என்ன பேசினார்கள் என்று அவரே பிறகு அம்மாவுக்குச் சொன்னார். வந்தவர்களில் ஒருவன் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். உன் காம்பராவை மட்டும் விட்டுவிடுகிறோம், நீ தள்ளி நில் என்று சொல்லியிருக்கிறான்.

"கூரை ஒண்ணுதானே," என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே நீளக் கூரை என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் சிரித்தார்களாம். பிறகு ஒருவன் பொல்லால் தோளில் அடித்தான். அவர் விழுந்ததை நான் பார்த்தேன். அம்மா என் வாயைப் பொத்தியிருந்தாள். என் பல் அவள் கையில் பதிந்து ரத்தம் வந்தது, அவள் கையை எடுக்கவில்லை. தகரம் சூடாகி நெளிந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். தோள் எலும்பு முறிந்த தாத்தாவைப் பெரியப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டுப் போட்டு ஆறியதும் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்து, வடக்கே தமிழ் ஆட்கள் இருக்கிற வவுனியாவுக்குப் போக லொறிகள் வந்தன. உங்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் போனீர்கள். மாமாவும் குடும்பத்தோடு ஏறினார். ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் வந்தார். பத்து வருசத்துக்குப் பிறகு அவர் எங்களிடம் பேசிய பேச்சு:

"ஏறு. ஒன்னையும் இந்தப் புள்ளையையும் விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல்ல."

"மகன் அங்க இருக்கான், அண்ணே."

"அவங்க குடுக்க மாட்டாங்க. அவனும் வர மாட்டான். ஒன் புருசன் இனி சிங்களவன்தான். ஏறிக்க."

"அவரு வருவாரு. நீங்க போங்க அண்ணே."

மாமா என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு ஏறிப் போனார். அதற்கப்புறம் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. பிந்திய வருசங்களில் அம்மா தாத்தாவை ஏசும்போதெல்லாம், "எங்கண்ணன் அன்னைக்கே சொன்னாரு" என்பாள்.

தாத்தா சொன்ன இரண்டு வாரம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் போயிற்று. தொரை எங்களுக்குக் கீழ் டிவிசனில் ஒரு காம்பரா கொடுத்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோர் வாச்சர் பெண்சாதியிடம் சிங்களப் பெண்கள் கட்டும் சீத்தையும் சட்டையும் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பொட்டை அழித்தாள், மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில்லாத அந்தத் துணியில் எங்கே முடிவது என்று தெரியாமல் என் கையில் தந்தாள். இரண்டு பேரும் ஆற்றுத் தொங்குபாலம் கடந்து தாத்தாவின் ஊருக்குப் போனோம். வாயைத் திறக்காதே, திறந்தால் சிங்களத்தில் மட்டும் திற என்று வழி நெடுகச் சொன்னாள்.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் பெரியம்மாவும் அயல் பெண்கள் இரண்டு பேரும் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பக்கத்தில் ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தான். புதுக் காற்சட்டை, தலையில் எண்ணெய். எங்களைப் பார்த்ததும் டயரை விட்டுவிட்டான். அது தானாக உருண்டு வேலியில் போய் விழுந்தது.

பெரியம்மாவுக்கு எங்களை யார் என்று விளங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்தது. அயல்காரிகளில் ஒருத்திதான் கேட்டாள், யார் வேண்டும் என்று. அம்மா பதில் சொல்லாமல் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தம்பியிடம் திரும்பினாள்.

"புதா, இவங்கள உனக்குத் தெரியுமா?"

தம்பி பெரியம்மாவைப் பார்த்தான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். அப்புறம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, "மம தன்னே நே," என்றான். எனக்குத் தெரியாது என்று.

அம்மா ஒரு சொட்டுக் கலங்கவில்லை. வீடு மாறி வந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு திரும்பினாள். பாலத்தின் நடுவில் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யட்டியாந்தோட்டைச் சந்தையில் கருவாட்டுக் கடையில் அம்மாவும் நானும் நின்றபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். கட்டாக் கருவாடு என்ன விலை என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். தாத்தா. ஒரு கை இன்னும் தூளியில் தொங்கியது. கருவாட்டை எடுத்து முகர்ந்து பார்த்தபடி, அம்மாவைப் பார்க்காமலே, மெல்லத் தமிழில் சொன்னார்:

"இந்தா புள்ள. நான் சன்னல்ல இருந்து பாத்தது. வெளியே வர ஏலாது."

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க புள்ளைய," என்றாள் அம்மா, அவளும் கருவாட்டைப் பார்த்தபடி.

"அவன் சாப்பிட இல்ல அன்னைக்கு. ரெண்டு நாள் சாப்பிட இல்ல."

தாத்தா தொடர்ந்து சொன்னார். ஊரில் ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இப்போது பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பெரியப்பா தமிழ்ப் பிள்ளையை ஒளித்துவைத்தது வெளியே வரும், அந்த வீட்டையும் எரிப்பார்கள். தான் லயத்துக்குப் போய்வந்தால் பின்னாலேயே வந்து பார்ப்பார்கள். "கொஞ்ச நாள்," என்றார். "ஞாயிறு ஞாயிறு நான் இங்க வாறது."

வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் வந்தார். பத்து வருசம் குடும்பம் நடத்திய இரண்டு பேர், ஒன்றாகக் குடியேறுவதற்கு முன்னால் ஸ்டோர் வாசலில் நின்ற மாதிரி, முன்பின் தெரியாதவர்களாகக் கருவாட்டுக் கடையில் நின்றார்கள். தம்பிக்குப் பல் விழுந்தது, தம்பி புத்த கோயில் பன்சலைக்குப் போய்ப் பாடம் சொல்கிறான், எனக்குக் காய்ச்சல், அம்மாவுக்குப் பால் வெட்டப் புது மலை கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் கருவாட்டைப் புரட்டுகிற நேரத்துக்குள் பேசி முடிப்பார்கள். போகும்போது என் பையில் எதையாவது போடுவார், பெரும்பாலும் கித்துள் கருப்பட்டி. நான் அவரோடு பேச மாட்டேன். தம்பியோடு இருக்கிறவர் தம்பியோடவே இருக்கட்டும் என்று கோபம். பேசியிருக்கலாம்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. எல்லாம் விளங்கியும் ஒன்றும் விளங்காத மாதிரி, அவர்கள் பேசி முடியும் வரைக்கும் மற்ற ஆட்களை அந்தப் பக்கம் நிற்க வைப்பார்.

பிறகு ஒரு ஞாயிறு தாத்தா வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நானாவே கேட்டார், "அந்த ஆள் வரல்லியா தங்கச்சி?" அம்மா தலையை ஆட்டிவிட்டு அரைக் கிலோ சாளைக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம்தான் கீழ் லயத்து அக்கா ஒருத்தி அம்மாவிடம் வந்து சொன்னாள். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒங்க வீட்டுக்காரர யட்டியாந்தோட்ட பஸ்ஸுல கண்டேன். ஒரு சிங்களப் பொம்பள கூட. அவ தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தாரு."

புதுக் காம்பராவிலும் அம்மா ஒரே பலகையில்தான் புத்தரையும் முருகனையும் வைத்திருந்தாள்; அன்றைக்குப் புத்தர் படத்தை எடுக்கவில்லை, விளக்கையும் அணைக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஏச ஆரம்பித்தாள். பால் வாளியைக் கழுவும்போது ஏசுவாள், அரிசி களையும்போது ஏசுவாள். பிறகு நான் வளர்ந்து, கல்யாணம் கட்டி, அவளை என்னோடு வைத்துக்கொண்ட பிறகும் ஏசினாள். ஒரு தடவை போய் விசாரிக்கலாமே என்று நான் கேட்டால், "போனா அந்தப் புள்ளைய அடையாளம் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அவனாவது நல்லா இருக்கட்டும்," என்பாள். கோபம் புருசன் மேலே; பயம் மகனுக்காக. இரண்டும் சேர்ந்து அவளைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டன. அந்தக் கதைதான் உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

பத்து வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் தம்பி வந்தான்.

மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு, விலாசம் விசாரித்து வந்தான். நரைத்த தலை, தாத்தாவின் நெற்றி. தமிழ் ஒரு சொல் இல்லை. அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தாள், எழுபது தாண்டிய உடம்பு. அவனை அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்தாள். அவன் கையைக் கொடுத்துவிட்டு நின்றான், பிடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

அவன் பாசத்தில் வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். பெரியப்பா இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள், நீ எங்கள் அப்பாவின் பிள்ளை இல்லை, காணியில் பங்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். தாத்தாவின் பங்கைக் கேட்க வேண்டுமானால் இவன் தாத்தாவின் மகன் என்பதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி என்று அவனுக்குத் தெரியாது. பெரியப்பா வேறு ஒரு தேதி வைத்திருந்தார்.

"நான் எப்ப பிறந்தேன்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

அம்மா சொன்னாள். தோட்டத்து ஆஸ்பத்திரி, ஐப்பசி மாசம், வெள்ளிக்கிழமை, ரோட்டில் மண் சரிந்து மருத்துவிச்சி நடந்து வந்தாள். தேதியும் சொன்னாள். அவன் போனில் குறித்துக்கொண்டான்.

பிறகு அம்மா கேட்டாள். "உன் அப்பன் எங்க? அந்தப் பொம்பளையோடதான் இருக்காரா?"

"எந்தப் பொம்பள?"

"பஸ்ஸுல கூட்டிட்டுப் போனாரே."

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், கீழ் லயத்து அக்கா கண்டதை.

"அது எங்க பெரியம்மா," என்றான். "தாத்தாவுக்கு எலிக்காய்ச்சல். நிக்க முடியல்ல. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போனாங்க. மூணாம் நாள் செத்துட்டார்." வாசலைப் பார்த்தான். "உங்களுக்கு ஆள் அனுப்பினோம், நீங்க வர முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னு பெரியப்பா சொன்னார். நான் ரோட்டைப் பார்த்துட்டே இருந்தேன், பெட்டி போற வரைக்கும்."

யாரும் எங்களிடம் வரவில்லை என்று நான் சொன்னேன். அவன் நம்பினானா தெரியாது. ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பெரியப்பா கெட்ட மனுசன் இல்லை. தமிழ்ப் பெண்சாதி ஒருத்தி வந்து தலைமாட்டில் விழுந்து அழுதால் அந்த வீட்டில் வளர்கிற பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்திருப்பார். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. மன்னிக்க மட்டும் இன்னும் வரவில்லை.

தம்பி தேநீர் குடித்தான், போய்விட்டான். காணி கிடைத்ததா என்று தெரியாது. பத்திரத்தில் அம்மாவின் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழ் என்று எழுதியிருக்கும், பெற்றோர் மணம் செய்தவர்களா என்ற இடத்தில் இல்லை என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவன் என்ன நினைத்தான் என்றும் தெரியாது. அம்மா செத்தபோது சொல்லி அனுப்பினேன். முற்றத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனான்.

பத்திரத்துக்காக அவன் வந்துபோன அன்றைக்கு அம்மா அவன் குடித்த தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ரெண்டாவது ஞாயிறா இருக்கணும்," என்றாள்.

"என்னது?"

"நாம சந்தைக்கு நடந்து போனோம். பாலத்தடியில இருந்து ரோடு நெடுக வெள்ளக்கொடி கட்டியிருந்திச்சு. யார் ஊட்டுச் சாவோன்னு ஒங்கிட்ட சொன்னேன். நீ கொடிய எண்ணிக்கிட்டே வந்த."

எண்ணியது எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனை என்றுதான் வரவில்லை.

"அதுக்குக் கீழதான் நடந்து போயிருக்கோம்," என்றாள். "போயி அங்க நின்னு, வரல்லியேன்னு கோவப்பட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று கேட்டேன். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டாமா என்றாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது, உடம்புக்கு ஆகாது, வெந்நீர் வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தாள்.

நான்தான் ஊற்றினேன். முதல் வாளிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது வாளிக்கு அழுதாள். "எப்புடியெல்லாம் ஏசினேன்," என்றாள். "செத்த மனுசன எப்புடியெல்லாம் ஏசினேன்." நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவள் சொல்லவில்லை.